மலையகத்தைத் தனியாகப் பாருங்கள்

இலங்கையில் இனவாரியாகக் கல்வித் தேர்ச்சியை ஒப்பிட்டு, வேறுபாட்டுக்குக் 'கலாசாரம்' காரணம் என்னும் கட்டுரை ஒன்று, 'தமிழர்' என்று ஒரே கூட்டமாக வைத்துப் பேசுகிறது. பிழையே அங்குதான். யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிகள் 19ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றின. மலையகத்தின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் படிக்கும் தோட்டப் பள்ளிகளோ 1970களில்தான் அரசின் கைக்கு வந்தன. அதுவரை பெரும்பாலும் ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு சரி.

இன்றும் பள்ளியின் தரவகையைப் பாருங்கள். உயர்தர (12, 13ஆம் வகுப்பு) அறிவியல் பிரிவு நடத்த, பள்ளிக்கு 1ஏபி என்னும் தரம் வேண்டும். மூன்றாம் வகைப் பள்ளி ஐந்தாம் அல்லது எட்டாம் வகுப்போடு முடிகிறது. தோட்டத்துப் பிள்ளை அறிவியல் படிக்க நகரத்துக்கு பஸ் ஏற வேண்டும். கட்டணம் தாயின் நாள்கூலியில் இருந்து போகும். இதில் 'கலாசாரம்' எங்கே வந்தது?

பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறதே என்பீர்கள். 40 வீதம் தீவளாவிய திறமை, 55 வீதம் மாவட்ட மக்கள்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. தோட்டங்கள் நிறைந்த நுவரெலியாவும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் உண்டு. ஆனால் அலகு மாவட்டம், சமூகமல்ல. அந்த மாவட்டத்தில் குறைந்த இசட் புள்ளி (உயர்தரத் தேர்வின் தரப்படுத்திய மதிப்பெண்) போதும் என்று வெளியூர்ப் பிள்ளைகள் தேர்வுக்கு முன்பே அங்கே பள்ளி மாறுவதும் நடக்கிறது. இடம் மாவட்டத்துக்குப் போகும், தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயத்துக்குப் போகாது.