பெரிய சக்கரம் பகட்டுக்கு அல்ல

19ஆம் நூற்றாண்டின் பென்னி ஃபார்திங் சைக்கிளின் ராட்சத முன்சக்கரம் வெறும் பகட்டுக்கு வைத்தது என்று சிலர் சொல்வது தவறு. அதில் சங்கிலி கிடையாது. பெடல்கள் முன்சக்கரத்தின் அச்சிலேயே இருந்தன. பெடலை ஒரு முறை சுற்றினால் சக்கரமும் ஒரே சுற்றுதான். வேகம் வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. ஓட்டுபவரின் கால் நீளம்தான் அதற்கு எல்லை.

'போன்ஷேக்கர்', அதாவது எலும்பைக் குலுக்கும் வண்டி, என்ற பட்டப்பெயரும் பென்னி ஃபார்திங்குக்குரியதல்ல. அது 1860களின் வெலாசிப்பீடு என்ற ஆரம்பகாலப் பெடல் சைக்கிளுக்கு வைத்த பெயர்: மரச்சக்கரம், அதன்மேல் இரும்புப் பட்டை, கீழே கல் பாவிய தெரு. உடம்பு என்ன பாடுபட்டிருக்கும்! 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி கொண்டுவந்த ரோவர் போன்ற சங்கிலி பூட்டிய சைக்கிள்கள் பரவிய பிறகே, உயரமான முன்சக்கரத்தின் மேலிருந்து தலைகுப்புற விழும் பயமின்றிச் சிறிய சக்கரத்தில் அந்த வேகத்தில் போக முடிந்தது.