இராக் விஷயத்தில் இரண்டு தரப்பும் செய்தது

"அமெரிக்கா இப்படித்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். வாஷிங்டனுக்குள் இரண்டு மூன்று தரப்பு எப்போதும் முட்டிக்கொண்டுதான் இருக்கிறது. 2003-ல் அமெரிக்கா படையெடுத்து சதாம் உசேனின் ஆட்சியைக் கவிழ்த்த இராக் போரைப் படிக்கப் படிக்க எனக்கு இது உறைத்தது.

2002 ஆகஸ்ட் 15 அன்று வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் ஒரு கட்டுரை. தலைப்பே 'சதாமைத் தாக்காதீர்கள்'. எழுதிய பிரென்ட் ஸ்கோக்ராஃப்ட் ஒன்றும் போர் எதிர்ப்புக் கொடி பிடிக்கிறவர் இல்லை. விமானப்படை ஜெனரலாக இருந்தவர், இந்தப் போரைத் தொடங்கிய அதிபர் புஷ்ஷின் அப்பா, முன்னாள் அதிபர் புஷ்ஷின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்தவர். அடுத்த மாதமே மியர்ஷைமர், கென்னத் வால்ட்ஸ் உட்பட 33 பேராசிரியர்கள் கைக்காசு போட்டு நியூயார்க் டைம்ஸில் விளம்பரம் கொடுத்தார்கள்: சுலபமாக ஜெயித்தாலும் வெளியே வர வழியில்லை, பிளவுபட்ட அந்த நாட்டில் பல வருஷம் உட்கார வேண்டியிருக்கும் என்று. அப்படியே நடந்தது.

இவர்கள் யதார்த்தவாதிகள், லட்சியத்தை விட நாட்டின் நலனையும் பலத்தையும் கணக்குப் பார்ப்பவர்கள். எதிரே, அப்போது பாதுகாப்புத் துறைத் துணை அமைச்சராக இருந்த வோல்ஃபோவிட்ஸ் போன்ற நவபழமைவாதிகள். ஒரு சர்வாதிகாரியை ஆயுதபலத்தால் இறக்கினால் சுற்றுவட்டாரம் முழுக்க ஜனநாயகம் பரவும் என்று மனதார நம்பியவர்கள். சரி, ஜனநாயகக் கட்சியின் தாராளவாதிகள்? ஹிலாரி, பைடன், கெர்ரி மூவருமே போருக்கு அனுமதி தரும் தீர்மானத்துக்கு செனட்டில் ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள். 77-க்கு 23. எனக்கு அதிகக் கோபம் இவர்கள் மேல்தான்.

அப்புறம் என்ன ஆனது? போருக்குக் காரணமாகச் சொன்ன பேரழிவு ஆயுதம் எதுவும் கிடைக்கவில்லை. ஸ்கோக்ராஃப்ட் வகித்த உளவு ஆலோசனைக் குழுத் தலைவர் பதவி 2004-க்குப் பிறகு நீட்டிக்கப்படவில்லை. வோல்ஃபோவிட்ஸ் 2005-ல் உலக வங்கித் தலைவரானார்.

அதற்காக யதார்த்தவாதிகளைத் தலையில் தூக்கிவைத்து ஆட எனக்கு மனம் வரவில்லை. குவைத்தைப் பிடித்த இராக்கை அமெரிக்கா விரட்டிய போர் நடந்த 1991 பிப்ரவரியில், சதாமை நீங்களே இறக்குங்கள் என்று இராக் மக்களுக்குச் சொன்னவர் அப்பா புஷ். அதை நம்பி பஸ்ராவிலும் கர்பலாவிலும் ஷியாக்கள் எழுந்தார்கள். சஃப்வானில் போர்நிறுத்தம் பேசும்போது, பாலமெல்லாம் உடைந்து கிடக்கிறது, அதிகாரிகள் போய்வர ஹெலிகாப்டர் வேண்டும் என்று இராக் தளபதிகள் கேட்க, அமெரிக்க ஜெனரல் ஷ்வார்ஸ்காஃப் சரி என்றார். அந்த ஹெலிகாப்டர்களில் இருந்துதான் மக்களைச் சுட்டார்கள். இராக் சிதறினால் ஈரான் கை ஓங்கும் என்பது ஸ்கோக்ராஃப்ட் தரப்பின் கணக்கு, அதனால் அமெரிக்கப் படை கிட்டத்திலேயே இருந்தும் தலையிடவில்லை. அப்போது பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகனில் இருந்த வோல்ஃபோவிட்ஸுக்கு இது ஆறாத வருத்தம். 2003-ல் அவர் அத்தனை துடித்ததில் அந்தப் பழைய வருத்தத்துக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

கணக்குப் பார்த்தவர்கள் கைவிட்ட ஊர் கர்பலா. விடுதலை தருவதாகச் சொல்லி வந்தவர்களின் ஆக்கிரமிப்புக் காலத்தில் அடிபட்டதும் அதே கர்பலாதான். 2004 மார்ச் 2, ஷியாக்களின் துக்க நாளான ஆஷுரா. அங்கேயும் பாக்தாத் காதிமியாவிலும் யாத்திரைக் கூட்டத்துக்குள் குண்டுகள் வெடித்தன. நூற்றுக்கும் அதிகமானவர்கள் ஒரே காலையில் செத்தார்கள்.