புதிய ரெகே கேட்டால் ஏன் 1984-ஐயே நீட்டுகிறீர்கள்?

இன்று வெள்ளிக்கிழமை. 2015-ஆம் ஆண்டிலிருந்து உலகின் பெரும்பாலான நாடுகளில் புதிய பாடல்களும் இசைத்தொகுப்புகளும் வெள்ளிக்கிழமைகளில்தான் வெளியாகின்றன. ஆகவே வாரத்தில் இந்த ஒரு நாள் மட்டும், காலைக் காப்பி ஆறுவதற்குள், மாதந்தவறாமல் சந்தா கட்டிவரும் இசைச் செயலியைத் திறந்து, ஜமைக்காத் தீவில் பிறந்த ரெகே, அதிலிருந்து கிளைத்த துள்ளலான டான்ஸ்ஹால் ஆகிய இரு இசைப் பிரிவுகளிலும் 'புதியவை' என்ற பகுதிக்குள் போய்ப் பார்ப்பது என் வழக்கம். இன்று அங்கே இருந்தவற்றை வரிசையாகவே சொல்லிவிடுகிறேன். முதலில், ரெகேயை உலகறியச் செய்த ஜமைக்கப் பாடகர் பாப் மார்லியின் பாடல்களைத் திரட்டி 1984-இல் வெளியிட்ட 'லெஜண்ட்'. அடுத்து, அவருடைய அதே பாடல்களை ஒலி துலக்கி, இந்த ஆண்டின் தேதியைப் பொறித்த இன்னொரு தொகுப்பு. மூன்றாவதாக, பழைய ஆங்கில வெற்றிப் பாடல்களை ரெகே தாளத்தில் மெல்லப் பாடி, உணவகங்களில் பின்னணியாக ஓடவிடுவதற்கென்றே தயாரித்த ஒன்று. நான்காவது, ஸ்பானிய மொழியில் பாடும் போர்ட்டோ ரிக்கோவின் ரெகேட்டோன். ஜமைக்காவில் இந்த வாரம் வெளியான ஒரே ஒரு பாட்டைக் கண்ணால் காண்பதற்கு நான் திரையைப் பதினொரு முறை தள்ள வேண்டியிருந்தது. ஒரு நாள் நேர்ந்த பிழை என்றால் பொறுத்துக்கொள்வேன். மூன்று ஆண்டுகளாக, வாரந்தோறும், இதே கதைதான்.

மார்லி மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர் குரலைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் அவர் 1981 மே 11 அன்று, 36 வயதில் காலமானார். அதற்குப் பின் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தத் தீவு வாய்மூடி உட்கார்ந்திருக்கவில்லை. ஏறத்தாழ 28 இலட்சம் மக்கள் மட்டுமே வாழும் ஒரு நாடு, சென்னை மாநகரத்தில் பாதிகூட இல்லாத மக்கள்தொகையை வைத்துக்கொண்டு, வாரந்தோறும் புதிய பாடல்களை உலகுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. 2018-இல் யுனெஸ்கோ ஜமைக்காவின் ரெகே இசையை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த மரபை இன்று சுமந்துகொண்டிருப்பவர்களின் பெயர் ஒன்றுகூடத் தெரியாமல் ஒருவர் ஆண்டுக்கணக்கில் 'ரெகே' கேட்டுக்கொண்டிருக்க முடியும் என்ற நிலையை இந்தச் செயலிகள் உண்டாக்கியிருக்கின்றன. இதை நினைக்கும்போதுதான் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

க்ரோனிக்ஸ் என்ற ஜமைக்கப் பாடகரின் 'க்ரோனாலஜி' 2017-இல் வந்தது. அதை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்பதற்கு என்னைவிட அந்தச் செயலியிடம்தான் சரியான கணக்கு இருக்கும். அவரைப் பின்தொடரும் பொத்தானையும் அப்போதே அழுத்தி வைத்திருந்தேன். அதற்குப் பிறகு அவர் முழுத் தொகுப்பு எதையும் வெளியிடாமல் எட்டு ஆண்டுகள் கழிந்தன. 2025 அக்டோபர் 10, ஒரு வெள்ளிக்கிழமை, அவருடைய பிறந்த நாள். அன்று, முன்கூட்டி எந்த ஆரவாரமும் இல்லாமல் 'எக்ஸைல்' வெளியானது. எட்டு ஆண்டுகள் காத்திருந்தவனுக்கு ஒரு வரிச் செய்தி அனுப்ப அந்தச் செயலிக்கு மனம் வரவில்லை. அந்த வாரமும் என் முகப்பில் நின்றது 1984-தான். ஒன்பது நாள் கழித்து, கனடாவில் ஸ்காபரோவில் வாழும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, க்ரோனிக்ஸ் கேட்டனீரோ?" என்று கேட்ட பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. தமிழர்களும் ஜமைக்கர்களும் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் ஊர் அது. என் நண்பருக்குப் புதிய பாடல்களின் செய்தி பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து வருகிறது. சென்னையில் எனக்கு அப்படி ஒரு பக்கத்து வீடு இல்லை. அந்த இடத்தை நிரப்புவதாகச் சொல்லித்தானே என்னிடம் சந்தா வாங்குகிறார்கள்?

இந்தச் செயலிகள் இந்த இசையைக் காட்டத் தவறுவதற்குக் காரணம் அலட்சியம் மட்டுமன்று என்பது எனக்குப் போகப்போகத்தான் விளங்கியது. ஜமைக்காவில் பாட்டு பிறக்கும் முறையே அவற்றின் பெட்டிகளுக்குள் அடங்காதது. அங்கே தயாரிப்பாளர் முதலில் தாளமும் பேஸ் என்னும் அடித்தொனியும் சேர்ந்த பின்னணி ஒன்றைக் கட்டுகிறார். அதற்கு 'ரிதிம்' என்று பெயர். ஒவ்வொரு ரிதிமுக்கும் தனிப்பெயர் வைப்பார்கள். பிறகு அந்த ஒரே ரிதிமின் மேல் பத்துப் பதினைந்து பாடகர்கள், சில நேரம் அதற்கும் மேற்பட்டவர்கள், தங்கள் தங்கள் சொற்களோடும் தங்கள் தங்கள் இராகத்தோடும் ஏறிப் பாடுவார்கள். கும்மியிலும் நொண்டிச் சிந்திலும் ஒரே மெட்டுக்கு எத்தனையோ பேர் சொல் கட்டிப் பாடியதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது எளிதில் புரியும். ஒருவர் பாட்டு இன்னொருவர் பாட்டுக்குப் பதிலாக அமையும். ஒருவர் காதலைப் பாடிய இடத்தில் அடுத்தவர் அரிசி விலையைப் பாடுவார். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக, தாளம் அறுபடாமல் கோத்துப் போடுவதற்கு 'ஜக்ளிங்' என்று பெயர். அதைச் செய்பவர் 'செலக்டர்'. தயாரிப்பாளர் கிங் ஜாமி 1985-இல் காசியோ விசைப்பலகை ஒன்றில் தயாராக இருந்த தாளத்தைக் கொண்டு உருவாக்கிய 'ஸ்லெங் டெங்' ரிதிமில்தான் வெய்ன் ஸ்மித் பாடினார். கணினி ஒலியில் எழுந்த டான்ஸ்ஹாலுக்கு வழி திறந்தது அதுதான். அதே ரிதிமில் அதன்பின் நூற்றுக்கணக்கான பாடல்கள் வந்தன. அவற்றை அடுத்தடுத்துக் கேட்கும்போது ஓர் ஊரே கூடிப் பேசுவது போலிருக்கும்.

செயலியோ அந்தக் கூட்டத்தைப் பிய்த்து, ஒவ்வொரு பாட்டையும் ஒவ்வொரு பாடகரின் பெயருக்குக் கீழே தனித்தனியாகத் தூக்கிப் போட்டுவிடுகிறது. இந்தப் பாட்டு எந்த ரிதிம், அதில் வேறு யார் பாடியிருக்கிறார்கள், கட்டியவர் யார் என்ற கேள்விகளுக்கு அங்கே இடமே இல்லை. தேடும் கட்டத்தில் 'ரிதிம்' என்ற சொல்லை ஜமைக்கர்கள் எழுதுகிறபடி எழுதினால், நான் எழுத்துப்பிழை செய்துவிட்டதாக எண்ணி, 'ரிதம்' என்று திருத்திக்கொண்டு போகிறது. ஓர் இசை மரபின் அடிப்படைச் சொல்லையே பிழை என்று கருதும் ஒரு கருவி, அந்த மரபின் புதிய பாடல்களை எனக்கு எப்படிக் கொண்டுவந்து சேர்க்கும்?

நம்மோடு தொடர்புள்ள ஒரு சான்றையே சொல்கிறேன். ஸ்டீவன் 'லெங்கி' மார்ஸ்டன் கட்டிய புகழ்பெற்ற ரிதிம் ஒன்றின் பெயர் 'தீவாளி'. ஆம், நம் தீபாவளியின் பெயர்தான். படபடவென்று கைதட்டல் ஓடும் அந்த ஒரே பின்னணியில்தான் ஷான் பால், வெய்ன் வொண்டர், நியூயார்க்கின் லூமிடி ஆகிய மூவரும் பாடி, 2003-ஆம் ஆண்டில் உலகையே ஆட்டிவைத்தார்கள். அந்த மூன்று பாடல்களும் உடன்பிறப்புகள் என்று செயலி எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. ரிதிமின் பெயரை இட்டுத் தேடினால் பட்டாசுச் சத்தத்தோடு தொடங்கும் திரைப்பாடல்களும் இலட்சுமி துதிகளும் வருகின்றன.

தயாரிப்பாளர்களுக்கு நடப்பது இதைவிடக் கொடுமை. விண்டா ஜேம்ஸ் என்றொரு தயாரிப்பாளர் இருக்கிறார். பாடகர் புரோட்டோஜேயின் 'ஏன்ஷியண்ட் ஃபியூச்சர்' தொகுப்பு 2015-இல் அவர் கையிலிருந்து வந்தது. பாடகர் சமோரி ஐ 2023-இல் வெளியிட்ட 'ஸ்ட்ரெங்த்' அவர் தயாரித்தது. கேட்பவரை உருக்கும் உச்சக் குரலுடைய மோர்ட்டிமரின் 'ஃப்ரம் விதின்' தொகுப்பிலும் அவர் உழைப்பு இருக்கிறது. வேர்களை விட்டுவிடாமல், பேஸுக்கு உரிய இடத்தைக் கொடுத்து, அதே நேரத்தில் இன்றைய ஒலியாகவும் நிற்கும் ரெகே எங்கே என்று கேட்பவரிடம் இந்த மூன்றையும் வரிசையாகக் கேளுங்கள் என்றுதான் சொல்வேன். மூன்றையும் இணைக்கும் அந்த ஒரே பெயரை நான் கண்டுபிடிக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. ஜமைக்க இசையில் தயாரிப்பாளரின் பெயரை மறைப்பது, நம் திரைப்பாடல் பட்டியலில் இசையமைப்பாளரின் பெயரை மறைப்பதற்குச் சமம். இளையராஜா பெயரையும் ரகுமான் பெயரையும் நீக்கிவிட்டு, பாடியவர் பெயரை மட்டும் போட்டால் நாம் ஒரு நாள் சும்மா இருப்போமா?

தேதியிலும் உண்மை இல்லை. ஜமைக்கத் தலைநகர் கிங்ஸ்டனின் ஸ்டுடியோ ஒன் ஒலிப்பதிவுக் கூடத்தில் 1960-களில் பதிவான பாடல், மறுவெளியீட்டு ஆண்டின் தேதியோடு 'புதியவை' வரிசையில் நிற்கிறது. பழையதைத் தேடி வருபவருக்கும் இது பொய், புதியதைத் தேடி வருபவருக்கும் பொய். ரெகேட்டோனை ரெகே என்று கலப்பதும் அப்படித்தான். ஷாபா ராங்க்ஸ் பாடி, பாபி டிஜிட்டல் தயாரித்த 'டெம் போ'வின் தாளம் 1990-களில் பனாமாவுக்கும் போர்ட்டோ ரிக்கோவுக்கும் போய் ரெகேட்டோனுக்கு முதுகெலும்பானது உண்மை. அதனால் பேரன் வந்ததும் தாத்தாவை வீட்டைவிட்டு வெளியேற்றிவிடலாமா? ஸ்பானிய மொழியில் பாடுவோருக்குத் தனி அரங்கே இருக்கிறது. ஜமைக்காவுக்கு இருந்த சிறு திண்ணையையும் அவர்களுக்கே விரித்துக் கொடுத்துவிட்டார்கள்.

டான்ஸ்ஹாலில் தேடுவது இன்னும் கடினம். ஒரு பாட்டு வந்தால் வானொலிக்கென்று சொற்களை நீக்கிய வடிவம், நீக்காத மூல வடிவம், குரல் இல்லாத பின்னணி வடிவம் என்று பலவாக வரும். செயலி அவற்றை வெவ்வேறு பாடல்களாகக் காட்டித் திரையை நிரப்புகிறது. ஜமைக்கர்கள் பேசும் பட்வா மொழியில் ஒரே சொல்லைப் பலவிதமாக எழுதுவார்கள். ஓர் எழுத்து மாறினால் பாட்டு கிடைக்காது. சிறையிலிருந்த டான்ஸ்ஹால் பாடகர் வைப்ஸ் கார்ட்டெல் மீதான கொலை வழக்குத் தீர்ப்பை, ஜமைக்காவின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருக்கும் பிரிவி கவுன்சில் 2024 மார்ச்சில் இரத்து செய்தது. அதே ஆண்டு ஜூலை 31 அன்று மறுவிசாரணை வேண்டாம் என்று ஜமைக்காவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவெடுத்ததும் அவர் வெளியே வந்தார். டிசம்பர் 31 இரவு கிங்ஸ்டனின் தேசிய விளையாட்டரங்கில் பாடினார். ஒரு தீவே தூங்காமல் இருந்த அந்த நாட்களில், வெளியே வந்தவர் இப்போது என்ன பாடுகிறார் என்று அறியத்தான் நான் துடித்தேன். செயலி எனக்கு அவருடைய சிறைக்கு முந்தைய பாடல்களையே திரும்பத் திரும்ப ஓட்டிக்காட்டியது.

விருது கொடுப்பவர்களாவது வழி காட்டுவார்கள் என்று நம்பினேன். 2025-இல் சிறந்த ரெகே தொகுப்புக்கான கிராமி விருதுக்குக் கார்ட்டெலும் பாடகி ஷென்சியாவும் பரிந்துரைக்கப்பட்டிருந்தார்கள். விருது போனது மார்லியின் வாழ்க்கைப் படத்தையொட்டி, அவர் பாடல்களைப் பிறர் பாடி வெளியிட்ட தொகுப்புக்கு. மார்லி மறைந்து நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகிறது. உயிரோடிருப்பவர்கள் இன்னும் என்னதான் செய்ய வேண்டும்?

"நீயே தேடிக்கொள்ள வேண்டியதுதானே" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். தேடுகிறேன், தேடாமலா பாடகி லிலா ஐக்கேயின் முதல் முழுத் தொகுப்பான 'ட்ரெஷர் செல்ஃப் லவ்' 2025-இல் வந்ததை அறிந்தேன்? 2020-இல் அவர் வெளியிட்ட சிறு தொகுப்பைக் கேட்டதிலிருந்தே காத்திருந்தவன் நான். ஜெஸ்ஸி ராயலின் 'நோ பிளேஸ் லைக் ஹோம்', மாசிக்காவின் 'ஜெனரேஷன் ஆஃப் கிங்ஸ்' ஆகியவற்றையும் அப்படித்தான் தோண்டி எடுத்தேன். ஆனால் ஒரு காலத்தில் இந்தத் தேடலுக்கென்றே மனிதர்கள் இருந்தார்கள். கிங்ஸ்டனில் நார்த் பரேட் 17-ஆம் எண்ணில் வின்சென்ட் சின், பாட்ரிசியா சின் தம்பதியர் நடத்திய ராண்டிஸ் இசைத்தட்டுக் கடை இருந்தது. இந்தியத் தந்தைக்கும் சீனத் தாய்க்கும் பிறந்தவர் அந்த அம்மையார். பிற்பாடு அவர்களே நியூயார்க்கில் வி.பி. ரெக்கார்ட்ஸ் என்ற இசை நிறுவனத்தைத் தொடங்கி, 'ஸ்டிரிக்ட்லி தி பெஸ்ட்' போன்ற வரிசைகளில் அந்தந்த ஆண்டின் நல்ல பாடல்களைத் திரட்டித் தந்தார்கள். அந்தக் காலத்து ரெகே கடைகளில் புதிய தட்டு வந்ததும் ஊசியை வைத்துச் சில நொடிகள் ஒலிக்கவிடுவார்கள். வேண்டியவர் கையை உயர்த்துவார். எதைப் போட்டால் யார் கை உயரும் என்று கடைக்காரருக்குத் தெரியும்.

எங்கள் தலைமுறையில் பலருக்கு இந்த இசையின் வாசனை முதலில் வந்ததும் ஒரு மனிதர் வழியாகத்தான். 1996-இல் ரகுமான், 'லவ் பேர்ட்ஸ்' படத்துக்காக இங்கிலாந்தின் பர்மிங்ஹாமைச் சேர்ந்த ரெகே பாடகர் அப்பாச்சி இண்டியனை அழைத்துப் பாட வைத்தார். எங்கோ இருந்த ஒரு குரலை எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்தது ஒருவருடைய காது.

சென்ற மாதம் செயலியின் உதவிப் பிரிவுக்கு இதையெல்லாம் விரிவாக எழுதி அனுப்பினேன். "உங்கள் இரசனைக்கேற்பத் தேர்ந்தெடுத்த பாடல்கள்" என்று ஒரு பட்டியலின் இணைப்போடு பதில் வந்தது. அதன் முதல் நான்கு பாடல்களும் 'லெஜண்ட்' தொகுப்பிலிருந்து எடுக்கப்பட்டவை. இன்று காலை மறுபடியும் எழுதியிருக்கிறேன், இம்முறை சுருக்கமாக: ஒவ்வொரு பாட்டோடும் ரிதிமின் பெயர், அதைக் கட்டியவரின் பெயர், அது முதலில் வெளியான ஆண்டு ஆகிய மூன்றையும் எழுதுங்கள், மூன்றும் இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய வட்டத் தாளிலேயே அடங்கியவைதான்.