ஷெட்டில் விட்ட காரும் பரனூர் டோல் மெசேஜும்

ரிப்பேருக்கு ஷெட்டில் கார் விட்ட நண்பர் ஒருவர் போட்ட ஸ்கிரீன்ஷாட்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "கியர்பாக்ஸ் இறக்கியாச்சு சார், திங்கள்கிழமைதான் முடியும்" என்று சனிக்கிழமை சாயங்காலம் சொன்ன கார், ஞாயிறு விடியற்காலை செங்கல்பட்டு பக்கம் உள்ள பரனூர் டோலைத் தாண்டியதாக ஃபாஸ்டேக் மெசேஜ். கியர்பாக்ஸ் இல்லாமலே ஜிஎஸ்டி ரோட்டில் ஓடிய கார், அந்த ஷெட்டுக்கு ஏதாவது விருது கொடுக்கலாம்.

எனக்கு எரிச்சல் ஷெட்காரர் மேல்கூட இல்லை. அந்தப் பதிவுக்குக் கீழே வந்த கமெண்ட்கள் மேல்தான். "ட்ரையல் பார்த்திருப்பாங்க ப்ரோ." "சாவியைக் கொடுத்துட்டு இப்ப அழுதா எப்படி?" வண்டியைப் பறிகொடுத்தவனுக்குத்தான் அறிவுரை, ஓட்டிப் போனவனுக்கு ஒரு வார்த்தை இல்லை.

சாவி கொடுத்தது ரிப்பேருக்கு. ஊர் சுற்ற அல்ல. இது என் சொந்தக் கருத்து இல்லை, 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம். ஒரு வேலைக்காக ஒப்படைத்த பொருளை ஒப்புக்கொண்டதற்கு மாறாகப் பயன்படுத்தினால், அப்போது அதற்கு ஏற்படும் சேதத்துக்கு வாங்கி வைத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்கிறது பிரிவு 154. "கவனமாத்தான் சார் ஓட்டினோம்" என்பது அங்கே பதிலே ஆகாது.

"வண்டிக்கு ஓனரே பொறுப்புன்னு போர்டு இருக்கே" என்று ஒருவர் எழுதியிருந்தார். 1998-இல் டெல்லியில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் வேலட்டிடம் (சாவியை வாங்கி வண்டியை நிறுத்தித் தரும் ஊழியர்) விட்ட மாருதி ஜென் திருடுபோனது. ஹோட்டல் அதே கதையைத்தான் சொன்னது: டோக்கனில் ஓனர் பொறுப்பு என்று அச்சடித்திருக்கிறோமே. 2019-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தன் அலட்சியத்துக்கான பொறுப்பை ஓர் அச்சடித்த வரியைக் காட்டிக் கழற்றிவிட முடியாது என்றது. அது ஹோட்டல் வழக்குதான், ஆனால் சாவியையும் வண்டியையும் கையில் வாங்கிக்கொண்ட ஷெட்காரரிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

ஆனால் கேட்க கையில் ஏதாவது இருக்க வேண்டுமே! அதனால்தான் தொண்டை கிழியச் சொல்கிறேன்: விடும்போதே எழுத்தில் வாங்குங்கள். ஜாப் கார்டு (வேலை விவரம் எழுதும் தாள்) போடுகிற இடமென்றால் கிலோமீட்டர், பெட்ரோல் அளவு, ஏற்கெனவே உள்ள கீறல், செய்ய வேண்டிய வேலை, உத்தேசச் செலவு எல்லாம் அதில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் போடாதீர்கள். ஜாப் கார்டே இல்லாத தெருமுனை ஷெட் என்றால் அவர் வாட்ஸ்அப்புக்கு ஒரு மெசேஜ் போதும்: "கிமீ 48,210. பெட்ரோல் கால் டேங்க். வேலை கிளட்ச் செட் மாற்றுவது. ட்ரையல் 10 கிமீக்குள், லைசென்ஸ் உள்ளவர் மட்டும். வேறு பார்ட்ஸ் மாற்றணும்னா கேட்டுட்டு செய்யுங்க. பழைய பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் எனக்கு வேணும்." அவர் "ஓகே சார்" என்று அனுப்பிவிட்டால் அதுவே ஆதாரம்.

கூடவே ஒரு வீடியோ. ஷெட் போர்டிலிருந்து ஆரம்பித்து வண்டியை ஒரு சுற்று, வெட்டாமல் எடுங்கள். பம்பர் மூலைகள், அலாய் வீல் விளிம்பு, கண்ணாடி. இக்னிஷனைப் போட்டு மீட்டர், எரியும் விளக்குகள். பேட்டரியின் சீரியல் நம்பர். டயர் ஓரத்தில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள், அது டயர் தயாரான வாரம் (2323 என்றால் 2023-இன் 23-ஆவது வாரம்). டிக்கியில் ஸ்டெப்னி, ஜாக், வீல் ஸ்பேனர். ஸ்டெப்னி மாறிப்போனது பல பேருக்குப் பஞ்சரான அன்றுதான் தெரியவருகிறது.

சாவிக்கொத்தோடு வீட்டுச் சாவியையும் கொடுப்பவர்களை என்ன சொல்வது? கார் சாவி ஒன்றை மட்டும் கொடுங்கள், கொடுத்ததைக் குறித்து வையுங்கள். வண்டி திருடுபோனால் இன்சூரன்ஸ்காரர் இரண்டு சாவியையும் கேட்பார். ஒரிஜினல் ஆர்சி வண்டியில் வேண்டாம், டிஜிலாக்கர் போதும். புளூடூத்தில் ஏறியிருக்கும் போன் நம்பர்களை அழித்துவிடுங்கள். ஜிபிஎஸ் கருவி ஓபிடி சாக்கெட்டில் (காரின் கோளாறைப் படிக்க ஸ்கேனர் மாட்டும் இடம்) செருகும் வகையா? முதலில் பிடுங்கப்படுவது அதுதான். ஃபாஸ்டேக்கை மட்டும் உரிக்காதீர்கள், உரித்தால் வீணாகிவிடும். அதன் மெசேஜ்தானே நம் நண்பரைக் காப்பாற்றியது.

"மெக்கானிக்கை எல்லாம் திருடனாப் பார்க்கிறீங்க, உழைக்கிறவனை அவமானப்படுத்துறீங்க." இதுவும் வந்தது. வங்கியில் பணம் கட்டினால் சலான் வாங்குவதில்லையா, அப்போது காசாளர் அவமானப்பட்டாரா? ட்ரையல் ஓட்டக் கூடாது என்று யார் சொன்னது? புது கிளட்ச் நழுவுகிறதா, எடுக்கும்போது உதறுகிறதா என்று ஓட்டித்தான் பார்க்க வேண்டும். அதற்குப் பத்து கிலோமீட்டர் தாராளம். கூலி பாக்கி என்றால் வண்டியைப் பிடித்து வைக்கும் உரிமையும் அவருக்கு உண்டு, அதே சட்டத்தின் பிரிவு 170. எல்லாம் சரி. விடியற்காலைப் பரனூருக்கு எந்தப் பிரிவு?

"இன்சூரன்ஸ் இருக்கே" என்பவர்கள் தங்கள் பாலிசியில் பயன்பாட்டு வரம்பு என்ற பகுதியை ஒருமுறை படியுங்கள். மோட்டார் தொழில் தொடர்பான பயன்பாடு விலக்கு என்று ஒரு வரி இருக்கும். ஷெட் ஆள் ஓட்டும்போது இடித்தால் அந்த வரியைக் காட்டி இழுத்தடிக்க இடமிருக்கிறது.

இன்னொன்று யாருக்கும் தோன்றவே இல்லை. ஓட்டிப் போனது ஹெல்பர் பையனாக இருந்து, அவனுக்குப் பதினெட்டு ஆகவில்லை என்றால்? 2019 திருத்தத்தில் வந்த மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ, சிறுவன் செய்த குற்றத்துக்குப் பெற்றோரை மட்டுமல்ல, வண்டி ஓனரையும் பொறுப்பாக்குகிறது. மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், பதிவும் 12 மாதத்துக்கு ரத்து. எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபித்தால் தப்பலாம். எதை வைத்து நிரூபிப்பீர்கள்? "லைசென்ஸ் உள்ளவர் மட்டும்" என்ற அந்த ஒரு வரியை வைத்துத்தான். அந்தப் பையனுக்குச் சம்பளம் என்ற பெயரில் டீயும் பரோட்டாவும் கொடுத்து, மாட்டினால் "சின்னப் பையன் சார்" என்று முன்னே தள்ளுகிறார்களே, அதைப் பற்றியும் உழைப்பாளர் மானம் பேசிய ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எடுக்கும்போது பகலில் போங்கள். வாட்டர் வாஷ் அடித்து ஈரமாக நிறுத்தியிருந்தால் துடைக்கச் சொல்லுங்கள், ஈரத்தில் கீறல் தெரியாது. பணம் கட்டும் முன் கிலோமீட்டரை ஒப்பிடுங்கள். கிளட்ச் வேலையென்றால், முன்சக்கர இழுவை கார்களில் ட்ரைவ் ஷாஃப்டை (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) உருவித்தான் கியர்பாக்ஸை இறக்குவார்கள். அப்போது கியர் ஆயில் வடியும். திரும்ப ஊற்றியது பில்லில் இருக்கிறதா? ஆயில் சீல் ஓரம் கசிகிறதா? கியர்பாக்ஸில் வரும் எர்த் வயரை இறுக்க மறந்துவிடுவார்கள், ஸ்டார்ட்டர் இழுக்க முடியாமல் முனகும், நீங்கள் பேட்டரியைத் திட்டுவீர்கள். வீல் நட்டு மேனுவலில் உள்ள டார்க் அளவுக்கு (எவ்வளவு இறுக்கம் என்ற அளவு) இறுகியிருக்கிறதா என்று ஒரு நூறு கிலோமீட்டருக்குள் மறுபடி சரிபாருங்கள்.

"இந்தச் சின்ன விஷயத்துக்கு கோர்ட்டுக்கா போவாங்க?" என்று நாளைக்கு யாராவது கேட்பார்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. டோல் மெசேஜை மட்டும் அழிக்காதீர்கள்.