அம்பயர் கேட்டால்தான் இன்னொரு அம்பயர் பேச வேண்டும்

பேஸ்பால் விதிகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. ஒரு அம்பயர் தந்த தீர்ப்பை, அவராகக் கேட்காதவரை, உடன் நிற்கும் இன்னொரு அம்பயர் விமர்சிக்கவோ மாற்றப் பார்க்கவோ கூடாது. தப்பென்று கண்ணால் பார்த்தவர் ஏன் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும் என்று பலர் கொதிக்கிறார்கள். ஒருநாள் அவர் பேசிவிட்டால், மறுநாளிலிருந்து நெருக்கமான ஒவ்வொரு தீர்ப்புக்கும் அணிகளை நடத்தும் மேனேஜர்கள் எந்த அம்பயர் தனக்குச் சாதகமாகச் சொல்வார் என்று ஆள் தேடி ஓடுவார்கள், அப்புறம் மைதானத்தில் யார் சொல்லும் செல்லாது.

ஆனால் இந்த விதிக்கு மறுபாதி ஒன்றும் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் தீர்ப்புச் சொன்னவர் தானே போய்க் கேட்க வேண்டும், கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

2004 அக்டோபர் 19, நியூயார்க், யாங்கீஸுக்கும் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கும் நடந்த தொடரின் ஆறாவது ஆட்டம். 8-வது இன்னிங்ஸில் பாஸ்டன் 4-2 என்று முன்னிலை. யாங்கீஸின் அலெக்ஸ் ரோட்ரிகஸ் மெதுவாக உருட்டிய பந்தை எடுத்த பாஸ்டன் பிட்சர் (பந்து எறிபவர்) பிரான்சன் அரோயோ, அவரை அவுட்டாக்கப் பந்தோடு தொடப் போக, ஓடிக்கொண்டே ரோட்ரிகஸ் அவர் க்ளவுஸில் ஓர் அடி அடித்தார். பந்து தெறித்து ஓடியது, முதல் பேஸில் (ஓடுபவர் தொட வேண்டிய முனைகளில் முதலாவது) இருந்த யாங்கீஸின் ஜீட்டர் ஓடிவந்து ரன் எடுத்துவிட்டார், அரங்கமே அதிர்ந்தது. அம்பயர்கள் ஒன்றாகக் கூடிப் பேசினார்கள். குறுக்கிட்டதற்காக ரோட்ரிகஸ் அவுட், ரன் கிடையாது, ஜீட்டர் மறுபடி முதல் பேஸுக்கு. கூட்டம் கையில் கிடைத்ததையெல்லாம் மைதானத்துக்குள் வீசியது. அத்தனை பேர் முன்னால், சொந்த ஊர் அணிக்கு எதிராக, முதலில் வந்த முடிவை மாற்றுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அதே இரவில் இன்னொன்றும் நடந்தது. பாஸ்டனின் மார்க் பெல்ஹார்ன் அடித்த பந்து ரசிகர் மேல் பட்டுத் திரும்பி விழுந்ததை, ஆட்டத்தில் இருக்கும் பந்தென்று அம்பயர் ஜிம் ஜாய்ஸ் சொல்லியிருந்தார். கலந்து பேசிய பிறகு அது ஹோம் ரன், அதாவது எல்லைக்கு வெளியே போன அடி, ஆனது.

அதே ஜாய்ஸ்தான் 2010 ஜூன் 2 அன்று டெட்ராய்ட்டில், பிட்சர் அர்மாண்டோ கலராகா ஒருவரையும் பேஸுக்கு விடாமல் ஆட்டத்தை முடிக்க ஒரே அவுட் பாக்கி என்ற நிலையில், அவுட்டான பேட்டரை சேஃப், அதாவது அவுட் இல்லை, என்றார். முதல் பேஸில் பக்கத்தில் நின்று பார்த்து அவர் தந்த தீர்ப்பு அது. அப்போது ரீப்ளே ஹோம் ரன் தகராறுகளுக்கு மட்டும்தான். ஆட்டம் முடிந்து வீடியோ பார்த்த மனிதர் கலராகாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்டார். இதுபோன்ற தீர்ப்புகளை வீடியோவில் சரிபார்க்கும் வசதி 2014-இல்தான் வந்தது.

சரி, ரீப்ளேயே இல்லாத பள்ளி ஆட்டங்களில்? அங்கே பெரும்பாலும் இரண்டே அம்பயர்கள். பேஸில் ஆள் இருக்கும்போது ஃபீல்டு அம்பயர் மைதானத்தின் நடுப்பகுதியில் நிற்பார். முதல் பேஸில் பந்தைப் பிடிக்கும் ஆட்டக்காரரின் கால் பேஸை விட்டு விலகியதா என்பது அவருக்குச் சரியாகத் தெரியாது, பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டில் இருக்கும் அம்பயருக்கு அந்தக் கோணம் கிடைக்கும். அங்கே கேட்டே ஆக வேண்டும், அதுவும் பயிற்சியாளர்கள் காதில் விழாத தூரத்துக்கு இருவரும் தள்ளிப் போய். மாற்றம் இருந்தால் முதலில் தீர்ப்புச் சொன்னவரே அறிவிக்க வேண்டும். இரண்டாவது பேஸில் கண்ணெதிரே நடந்த டேக்கைப் (ஓடுபவரைப் பந்தோடு தொடுவது) பற்றி 127 அடி தள்ளி ஹோம் பிளேட்டில் நிற்பவரைக் கேட்பது வேறு, அது பழியைப் பங்கு போடும் வேலை.

பயிற்சியாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இன்னொரு அம்பயரைப் பார்த்துக் கத்தாதீர்கள். தீர்ப்புச் சொன்னவரிடம் போய், "உங்கள் பார்ட்னரிடம் ஒருமுறை கேட்க முடியுமா?" என்று கேளுங்கள். முடியாது என்றால் திரும்பி வந்து உட்காருங்கள், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.