மூன்று பூட்டு போட்ட உயில்

நண்பர் ஒருவர் வெர்சாய் அரண்மனை முன்னால் நின்று எடுத்த படத்தைப் போட்டு, "ராஜான்னா இவன்தான்யா, இவன் வச்சதுதான் சட்டம்" என்று எழுதியிருந்தார். படம் அருமை. ஆனால் அந்த "வச்சதுதான் சட்டம்" நேற்றிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் இந்த நீளப் பதிவு.

வெர்சாய் அரண்மனையை எழுப்பிய பிரெஞ்சு ராஜா பதினான்காம் லூயி. 1643இல் ஐந்து வயதுகூட நிரம்பாமல் பட்டத்துக்கு வந்து, 1715 வரை 72 வருஷம் ராஜாவாக இருந்த மனுஷன். முழு முடியாட்சி என்றதும் முதலில் நினைவுக்கு வரும் பெயர் இவருடையதுதான். "அரசு என்றால் நான்தான்" என்று அவர் சொன்னதாக ஒரு வசனம் சுற்றுகிறதே, அதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் பாருங்கள், சொல்லாத வசனத்தை நம்பும் நாம், அவரால் செய்ய முடியாமல் போனதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

என்ன முடியவில்லை? பணக்காரனிடம் வரி வாங்க முடியவில்லை.

தாய் என்று ஒரு நேரடி வரி இருந்தது (நம் தாய் இல்லை, பிரெஞ்சுச் சொல்). பிரபுக்களுக்கும் பாதிரிமாருக்கும் அதிலிருந்து விலக்கு. பெரிய நகரங்கள் பலவும் தப்பித்துக்கொண்டன. மிச்சம் யார்? குடியானவன். சரி, அவனிடமிருந்து இன்னும் எப்படிக் கறப்பது? உப்பு. வட பிரான்சின் பெரும்பகுதியில் எட்டு வயது தாண்டிய ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஏறக்குறைய மூன்றரைக் கிலோ உப்பை அரசுக் கிடங்கில் வாங்கியே ஆக வேண்டும். வேண்டாம் என்று சொல்ல முடியாது. அதிலும் ஒரு கொடுமை, அந்த உப்பைச் சமையலுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் மட்டும்தான் பயன்படுத்தலாம். குளிர்காலத்துக்குப் பன்றி இறைச்சியை உப்பிட்டு வைக்க வேண்டுமா, அதற்குத் தனியாக வாங்கு, இதில் கை வைத்தால் அபராதம். பக்கத்து பிரிட்டனி மாகாணத்தில் உப்பு வரியே கிடையாது என்பதால் எல்லையில் கடத்தல் அமோகம். பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு பெண்கள் நடந்தார்கள், முதுகில் உப்பு மூட்டை கட்டி நாய்களைப் பழக்கி விட்டார்கள். மாட்டிக்கொண்ட ஆண்கள் கப்பலில் துடுப்பு வலிக்கப் போனார்கள். ஒரே ராஜா, ஒரே நாடு, ஆனால் உப்பு விலை மாகாணத்துக்கு மாகாணம் வேறு. இதையாவது சர்வ அதிகாரம் படைத்த ராஜா சரி செய்தாரா என்றால் அதுவும் இல்லை, அந்தச் சலுகைகளில் கை வைத்தால் கலவரம் வரும் என்று அவருக்குத் தெரியும்.

வரி வசூல்கூட அரசாங்கத்தின் கையில் முழுசாக இல்லை. உப்பு வரி மாதிரியானவற்றை மொத்தமாகக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். குத்தகைக்காரன் ராஜாவுக்கு முன்பணம் கொடுப்பான், அப்புறம் ஊரைப் பிழிந்து எடுத்துக்கொள்வான். போதாததற்குப் பதவி விற்பனை. நீதிபதி பதவிக்கு விலை உண்டு, வருஷாவருஷம் ஒரு தொகை கட்டினால் அதை மகனுக்கும் விட்டுப் போகலாம். போர்ச் செலவு கூடக் கூடப் புதுசு புதுசாகப் பதவிகள் முளைத்தன. சந்தையில் பன்றியின் நாக்கைப் பார்த்து நோய் இருக்கிறதா என்று சொல்வதும் விற்பனைக்கு வந்த ஒரு பதவி! பல பதவிகளோடு வரிவிலக்கும் சேர்ந்தே வந்தது. அதாவது இன்றைக்குக் கையில் காசு, நாளைக்கு வரி கட்டுபவன் ஒருவன் குறைவு.

வெர்சாய்க்கு வருகிறேன். காலையில் ராஜாவுக்குச் சட்டையை எடுத்துக் கொடுப்பது யார், இரவு அவர் படுக்கும்போது மெழுகுவர்த்தி பிடித்து நிற்கும் பாக்கியம் யாருக்கு என்பதற்கெல்லாம் பிரபுக்கள் அடித்துக்கொண்டார்கள். இப்படித்தான் அவர்களைக் கூண்டில் அடைத்தார் என்பார்கள். எனக்கு அது வியாபாரமாகத்தான் தெரிகிறது. மெழுகுவர்த்தி பிடித்தவனுக்கு ஓய்வூதியம், மகனுக்குப் படைப்பிரிவு, இளையவனுக்கு பிஷப் பதவி. யார் யாரைக் கூண்டில் வைத்தது?

ஆட்சியைத் தன் கையில் எடுத்து 34 வருஷம் கழித்து, 1695இல்தான் பிரபுக்களையும் சேர்த்து ஒரு தலைவரி போட்டார். நாட்டையே 22 வகுப்பாகப் பிரித்து, முதல் வகுப்புக்கு 2000 லிவ்ர் (அன்றைய பிரெஞ்சுப் பணம்), கடைசிக்கு 1 லிவ்ர். முதல் வகுப்பில் பட்டத்து இளவரசர் பெயரே இருந்தது. நல்ல திட்டம்தான். ஆனால் பாதிரிமார் மொத்தமாக ஒரு தொகையைக் கட்டிக் கழன்றுகொண்டார்கள், பெரிய இடங்கள் மெல்ல மெல்ல நழுவின. அதற்கு முந்தைய இரண்டு வருஷத்தில், 1693, 94 பஞ்சத்தில் செத்தவர்கள் 13 லட்சம் வரை இருக்கும் என்பது வரலாற்றாசிரியர்கள் கணக்கு. 1709இல் கொடும்பனி வந்தபோது தங்கத் தட்டுகளை உருக்கக் கொடுத்தார், அதைப் பெருந்தன்மை என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். கஜானா காலி ஐயா, வேறென்ன செய்வார்.

கடைசியாக அந்த உயில். மகன், பிரான்சில் இருந்த பேரன்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்து, நாலு வயதுக் கொள்ளுப்பேரன்தான் வாரிசு என்ற நிலை. அவனை யார் வளர்ப்பது, யார் ஆள்வது என்று 1714இல் உயில் எழுதி, பாரிஸ் நீதிமன்றக் கோபுரத்தின் சுவரில் குழி வெட்டி உள்ளே வைத்து, இரும்புக் கதவு போட்டு, மூன்று பூட்டு பூட்டி, சாவிகளை மூன்று பேரிடம் கொடுத்தார்கள். தன் அப்பாவின் உயிலையும் இதே நீதிமன்றம்தான் 1643இல் தள்ளி வைத்தது என்பது அவருக்குத் தெரியும், அப்போது நாலு வயதுப் பிள்ளையாக அங்கேயே உட்கார்ந்திருந்தவர் அவர்.

1715 செப்டம்பர் 1ஆம் தேதி காலையில் இறந்தார். 2ஆம் தேதி உயிலை எடுத்துப் படித்தார்கள். அன்றைக்கே ஓரங்கட்டிவிட்டு, முழு அதிகாரத்தையும் அவருடைய தம்பி மகன் கையில் கொடுத்தார்கள்.