அடுப்படியில் கட்டிப்போடப்பட்ட ஆறு பெண்கள்

சித்திரைப் புத்தாண்டுக்கு முன் எங்கள் வளவில் பலகாரம் சுட்ட படத்தை நான் பகிர்ந்ததையும், அதன் கீழே ஒருவர் எழுதியதையும் உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். "இந்தக் காலத்திலும் ஆறு பெண்களை அடுப்படியில் கட்டிப்போட்டுவிட்டு அதைப் பாரம்பரியம் என்கிறீர்களே" என்று கேட்டிருந்தார். அவர் படித்தவர், நான் மதிப்பவர். அதனால்தான் மூன்று நாட்கள் பேசாமல் இருந்தேன். இப்போது பேசாவிட்டால் அந்தப் படத்தில் இருப்பவர்களின் முகத்தில் என்னால் முழிக்க முடியாது.

கூடிச் சமைப்பது வேறு, தனியே கிடந்து சமைப்பது வேறு. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் பக்கத்தில், கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். குடி, அதாவது குலப் பிரிவு, தாய்வழியில் வருகிறது. தாய்வழியில் சொத்துப் போகும் பழைய முக்குவர் சட்டத்தின் இடத்தை 1876ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் பிடித்துக்கொண்ட பிறகும், தமிழர் வீடானாலும் முஸ்லிம் வீடானாலும், வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுக்கும் வழக்கம் இங்கே நின்றுபோகவில்லை. ஆகவே எங்கள் பாட்டியான பெத்தாவும் அம்மாவும் பெரியம்மாவும் நாங்களும் ஒரே வளவில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருந்தோம். அந்தக் குசினி எங்களுடைய குசினி. அதில் எங்களைக் கட்டிப்போட யார் வந்தார்கள்?

அரிசிமாவையும் பாகையும் சேர்த்துப் பொரிக்கும் அரியதரத்துக்கு மா இடிக்கும் நாளில்தான் நான் என் குடும்பத்தையே படித்தேன். ஊறவைத்து வடித்த பச்சரிசியை அம்மாவும் பெரியம்மாவும் மாறி மாறி உலக்கை போட்டு இடிப்பார்கள். சின்னம்மா அரிதட்டில் அரிப்பார். மேலே நிற்கும் கப்பி மறுபடியும் உரலுக்குப் போகும். பாகு காய்ச்சுவது மட்டும் பெத்தாவின் வேலை. ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டை விட்டு, விரலால் கூட்டி உருட்டிப் பார்ப்பார். உருண்டால் இறக்கலாம், கரைந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். நான் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றால், "பாத்தாக் காணாது புள்ள, கைய வெச்சுப் பாரு" என்று என் விரலைப் பிடித்துத் தண்ணீருக்குள் விடுவார். அந்தப் பதத்தை எந்தக் கொப்பியிலும் எழுத முடியாது. நான் எழுதிப் பார்த்தேன், அடுத்த முறை அத்தனையும் எண்ணெயிற் கரைந்து போனது. உலக்கை விழும் சத்தத்துக்கு இடையில்தான் யார் எந்தக் குடி, எந்த வீட்டோடு ஏன் பேச்சில்லை, 1978 சூறாவளி இரவில் யாருடைய கூரையின் கீழ் ஒதுங்கினோம் என்பதெல்லாம் என் காதில் விழுந்தது.

"ஆண்கள் ஏன் இல்லை" என்று கேட்பீர்கள். என் தம்பி தேங்காய் துருவினான், மச்சான் விறகு கொத்தினார், படத்தில் அவர்கள் விழவில்லை. அது போதாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அவர்கள் வர வேண்டும் என்பதற்காக நாங்கள் எழும்பிப் போக வேண்டுமா? "கடையில் வாங்கலாமே" என்பவர்கள் தாராளமாக வாங்கட்டும். நானும் வேலைக்குப் போகிறவள், அவசரத்துக்கு வாங்குகிறேன். கடைப் பலகாரத்தில் அரியதரம் இருக்கும், பெத்தாவின் விரல் இருக்காது.

கட்டிப்போடுவது என்றால் என்ன என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும். 2004 சுனாமியில் வீட்டையும் மச்சானின் தோணியையும் கடல் கொண்டுபோன பிறகு என் அக்கா சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனாள். 9 ஆண்டுகள், பன்னிரண்டு பேருக்கு, முன்பின் தெரியாதவர்களின் குசினியில் தனியே நின்று சமைத்தாள். உப்புக் காணுமா என்று கேட்க ஒரு ஆளில்லை. தொலைபேசி எடுத்தால் என்ன சமைத்தீர்கள் என்றுதான் முதலிற் கேட்பாள். சொல்லச் சொல்ல மறுமுனையில் சத்தமே இருக்காது. அப்போது யாரும் வந்து எங்களிடம் பெண் விடுதலை பேசவில்லை. அவள் ஊருக்கு வந்து, தன் தாயோடும் பிள்ளையோடும் பாயில் இருந்து மா உருட்டும்போது மட்டும் எப்படி உங்களுக்கு அது உறுத்தியது?

படத்தில் முதுகு காட்டி இருப்பவள் அவள்தான். பக்கத்தில் இருப்பது அவளுடைய மகள். தாய் போகும்போது அந்தப் பிள்ளைக்கு நான்கு வயது, திரும்பி வந்தபோது பதின்மூன்று. வந்த புதிதில் தாயை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாமல் நின்ற பிள்ளை. அன்று அக்கா ஒரு கிண்ணத்துத் தண்ணீரை முன்னால் வைத்து, அவளுடைய விரலைப் பிடித்து உள்ளே விட்டாள். கடைசித் தாச்சி இறக்கிய பிறகும் இருவரும் அடுப்படியை விட்டு எழும்பவில்லை. இரவு பதினொரு மணிக்கு நான்தான் போய்ச் சாப்பிடக் கூப்பிட்டேன்.